டரான்டுலா டேங்க் மூடி: மெஷ்ஷ கழட்டிட்டு என்ன போடணும், எந்த வரிசைல செய்யணும்

புதுசா டரான்டுலா வாங்கறவங்க மூடியப் பத்தி கேக்கற ஒரே கேள்வி "இதுலேந்து வெளிய வந்துடுமா?"ங்கறதுதான். நியாயமான கேள்விதான், ஆனா பாதி கேள்வி. ராத்திரி லைட் அணைஞ்சதும் சிலந்தி கண்ணாடில ஏறி மூடியோட அடிப்பக்கத்துல தலைகீழா நடக்கும், தரைலயே இருக்கும்னு சொல்லி வித்த வகை கூட நடக்கும். அதனால மூடிங்கறது அதுக்கு கூரை இல்ல, இன்னொரு தரை. வெளிய போக விடாத மூடி எத்தனையோ இருக்கு, அதுல பாதி காலைப் புடிச்சு தொங்க விட்டுடும். ரெண்டையும் சேத்து யோசிச்சாதான் சரியான மூடி அமையும்.

கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க. முக்காவாசி பேர் மூடிய வாங்கிட்டு மண்ண நிரப்பி, சிலந்திய விட்டுட்டு, அப்புறமா காத்து ஓட்டை போதலையேன்னு சிலந்தி உள்ள இருக்கும்போதே ட்ரில்ல எடுக்கறாங்க. அந்த அதிர்வு அதுக்கு எவ்வளவு டென்ஷன்னு சொல்லத் தேவையில்ல, அக்ரிலிக் தூள் வேற தண்ணிக் கிண்ணத்துல விழும்.

1. சிலந்திய அளங்க, அதோட குணத்தையும் பாருங்க

ரெண்டு அளவு வேணும். ஒண்ணு கால் அகலம், அதாவது ஒரு பக்க முன்னங்கால் நுனிலேந்து எதிர்ப்பக்க பின்னங்கால் நுனி வரைக்கும் குறுக்கா. இன்னொன்னு கால் எல்லாம் சேர்ற முன்பகுதியோட ஓடு, அதோட அகலம். கையில எடுத்து அளக்கக் கூடாது, கண்ணாடிக்கு வெளிய ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுத்தா போதும், இல்லன்னா உரிச்சுப் போட்ட பழைய தோல்ல அந்த ஓடு அப்படியே கிடைக்கும். அது பழைய சைஸ்தான், இப்ப இருக்கறது கொஞ்சம் பெருசுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

கால் அகலம் எதுக்குன்னா உயரக் கணக்குக்கு. ஓட்டோட அகலம் எதுக்குன்னா காத்து ஓட்டையோட சைஸுக்கு. வயிறு மெத்து மெத்துன்னு அமுங்கி சுருங்கி வந்துடும், ஓடு சுருங்காது, அதனால ஓடு நுழையற சந்துல முழு சிலந்தியும் நுழைஞ்சுடும். "இவ்ளோ பெரிய வயிறு இதுல எப்படி போகும்"னு நினைச்சு விட்டவங்கதான் அடுத்த நாள் சோபாவுக்கு அடில டார்ச் அடிச்சு தேடறாங்க.

அப்புறம் குணம். பிரக்கிபெல்மா ஹமோரி, கிராமோஸ்டோலா மாதிரி தரைல வாழற வகையா, அவிகுலேரியா, பொய்சிலோதீரியா மாதிரி மரத்துல வாழற வகையா, இல்ல குழி தோண்டி உள்ளயே கிடக்கற வகையா? மூணுக்கும் மூடி வேற வேற. மரத்து வகைக்கு தனியா 11-ல சொல்றேன், மத்தவங்க வரிசையா வாங்க.

இடைல ஒரு விஷயம். பிரக்கிபெல்மா பேரினமும் நம்ம இந்தியா, இலங்கைக் காடுகள்ல இருக்கற பொய்சிலோதீரியா பேரினமும் சைட்ஸ்ங்கற, காட்டுயிர் வணிகத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. நான் இருக்கற இங்கிலாந்துல கடைலயே விப்பாங்க, ஆனா இந்தியால காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் சைட்ஸ் பட்டியல் உயிரினம் வச்சிருந்தா பதிவு பண்ணியாகணும். அங்க இருக்கறவங்க மூடிக்கு முன்னாடி அத பாருங்க. காட்டுலேந்து புடிச்சிட்டு வர்றதப் பத்தி பேச்சே வேணாம்.

2. மண்ண நிரப்பிட்டுதான் மூடிக்கு வரணும்

தரை வகைக்கு மண்ணோட மேல்மட்டத்துலேந்து மூடி வரைக்கும் இருக்கற இடைவெளி, கால் அகலத்துல ஒண்ணுலேந்து ஒன்றரை மடங்குக்குள்ள இருக்கணும். காரணம் வயிறு. உள்ள ரத்தம் மாதிரி திரவம் நெறஞ்ச பை அது, மேல ஓடு கிடையாது, உயரத்துலேந்து தண்ணிக் கிண்ண விளிம்புலயோ கல்லு மேலயோ விழுந்தா கிழிஞ்சுடும். கிழிஞ்சா பெரும்பாலும் முடிஞ்சது.

உதாரணத்துக்கு எல்லாப் பக்கமும் 30 செமீ இருக்கற கண்ணாடி டேங்க், உள்ள 14 செமீ கால் அகலம் உள்ள ஹமோரி. இடைவெளி 14-லேந்து 21 செமீ வரைக்கும் இருக்கலாம், நான் கீழ் அளவு பக்கமாதான் போவேன், 14 செமீ மண்ணு போட்டா மேல 16 செமீ இருக்கும், சரியா இருக்கும். புதுசா வர்றவங்க போடறது 4 செமீ கோகோபீட், மேல 26 செமீ வெறும் காத்து. அங்க எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் ஆபத்து குறையாது.

மண்ண நல்லா அமுக்குங்க, ஏன்னா லேசா போட்ட கோகோபீட் சில வாரத்துல இறங்கிடும், இறங்கினா இடைவெளி தானா கூடிடும். அமுக்கினதுக்கு அப்புறம் அளந்து, அந்த உயரத்துக்கு கண்ணாடில வெளிப்பக்கம் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க.

மூடிய இதுக்கு அப்புறம் ஏன் பாக்கணும்னா, மண்ணு உயர்ந்ததும் பக்கவாட்டு காத்து ஓட்டைல பாதி மூடிடும். அப்ப மூடில எவ்வளவு ஓட்டை வேணுங்கற கணக்கே மாறிடும்.

3. கைல இருக்கற மூடிய சோதிங்க

மெஷ், அதாவது கம்பி வலை இருக்கா? பெரும்பாலும் இருக்கும், ஏன்னா இந்த டேங்க் எல்லாம் பல்லி, கெக்கோ மாதிரி விளக்கு வெளிச்சம் தேவைப்படற பிராணிக்கு டிசைன் பண்ணது. டரான்டுலாவுக்கு அந்த விளக்கே தேவையில்ல.

டரான்டுலாவோட ஒவ்வொரு கால் நுனிலயும் முடிக்கத்தைக்கு நடுவுல ரெண்டு வளைஞ்ச நகம் இருக்கு. வழுவழு பரப்புல முடியே ஒட்டிக்கும், சொரசொரப்புல நகத்த வெளிய நீட்டும். மெஷ்ஷுல கம்பி ரொம்ப மெல்லிசு, நகம் அதச் சுத்தி கொக்கியாட்டம் மாட்டிக்கும். மாட்டினத விடுவிக்க காலை மேல தள்ளணும், ஆனா தலைகீழா தொங்கற சிலந்தியோட மொத்த எடையும் கீழ இழுக்குது, அதனால இழுக்க இழுக்க இறுகும். கடைசில ஒண்ணு கால் கழண்டு விழும், இல்ல சிலந்தி விழும், இல்லன்னா ராத்திரி பூரா அப்படியே தொங்கி களைச்சுப் போயிடும்.

"நான் வச்சிருக்கற மெஷ் ரொம்ப நெருக்கமானது"ன்னு ஒரு பதில் வரும். ஜன்னல் கொசுவலை நெருக்கம்தான், ஆனா நகம் நுழையற அளவுக்கு இடம் இருக்கு, அதுதான் இருக்கறதுலயே மோசம். நைலான், ஃபைபர்கிளாஸ் வலையா இருந்தா இன்னொரு சிக்கல், பல்லால கடிச்சு ஓட்டை போட்டு வெளிய வந்துடும். பெரிய சிலந்தி மெல்லிய அலுமினிய வலையையே பிச்சிருக்கு. கடிக்கறதுல பல்லு உடைஞ்சா அடுத்த தடவ தோல் உரிக்கற வரைக்கும் சரியா சாப்பிட முடியாது, வளந்த பெண் சிலந்திக்கு அது ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகலாம்.

மெஷ் இல்லன்னா அடுத்து பாக்க வேண்டியது மூணு: மூலைல இருக்கற ஒயர் நுழையற ஓட்டை, சறுக்கற ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல விழற சந்து, மூடி வெறுமனே மேல உக்காந்திருக்கா இல்ல பூட்டிருக்காங்கறது. சறுக்குக் கண்ணாடி சந்த யாருமே பாக்கறதில்ல, குட்டி சிலந்தி தாராளமா போற அளவுக்கு இருக்கும்.

4. மெஷ்ஷுக்கு பதிலா எந்த ஷீட்

அக்ரிலிக்தான் பெரும்பாலும் எல்லாரும் போடறது. தெளிவா இருக்கும், ஓட்டை போடலாம், விலையும் பரவால்ல. 30 செமீ வரைக்கும் 3 மிமீ கனம் போதும்னு சொல்வாங்க, ஃப்ரேமுக்குள்ள உக்காந்தா போதும்தான், ஃப்ரேம் இல்லாம தனியா வைக்கறதுன்னா 5 மிமீ எடுங்க. ஏன்னா அக்ரிலிக் ஈரத்த உறிஞ்சும், அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் காஞ்சதுன்னா ஒரு பக்கம் மட்டும் ஊதி ஷீட்டு வளைஞ்சுக்கும். வளைஞ்ச மூடில ஏதாவது ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும், சிலந்தி ராத்திரி பூரா ஓரத்த தடவிக்கிட்டேதான் சுத்தும், சந்து இருந்தா அதுக்கு தெரிஞ்சுடும்.

பாலிகார்பனேட் சீக்கிரம் உடையாது, ட்ரில் பண்ணும்போது விரிசல் விடாது, ஆனா கீறல் விழும், மெல்லிசா இருந்தா தொய்யும். கை பழகாதவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன்.

அக்ரிலிக்லயே ரெண்டு விதம், வார்ப்புல செஞ்சது (காஸ்ட்), பிதுக்கி எடுத்தது (எக்ஸ்ட்ரூடட்). பிதுக்கினது விலை கம்மி, ஆனா ட்ரில் சூட்டுல உருகி பிட்டுல ஒட்டிக்கும். வார்ப்பு ஷீட்டான்னு கேட்டு வாங்குங்க. நேம் போர்டு செய்யற கடைல வெட்டுத்துண்டு மலிவா கிடைக்கும், லேசர் மெஷின் இருந்தா அளவு எழுதிக் குடுத்தா ஓட்டையோட சேத்து வெட்டியே குடுத்துடுவாங்க. இது கிடைச்சா 6, 7 ரெண்டும் உங்களுக்கு வேணாம், ஓட்டை அளவு மட்டும் 5-ல பாத்துட்டு போங்க.

முழு கண்ணாடி மூடி வேணாம். காத்து போகாது, கனம், கை தவறினா உள்ளயே உடையும்.

5. ஓட்டை: எவ்வளவு பெருசு, எத்தனை, எங்க

சைஸ் விதி ஒண்ணுதான், சிலந்தியோட முன்பகுதி ஓட்டு அகலத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, எவ்வளவு பெரிய சிலந்தியா இருந்தாலும் 3 மிமீ தாண்டத் தேவையில்ல. கால் அகலம் 1 செமீ இருக்கற குட்டிக்கு ஓடு வெறும் ரெண்டு, மூணு மிமீதான் இருக்கும், அதுக்கு குண்டூசி முனை ஓட்டைதான். 4, 5 செமீ வளந்ததுக்கு 1.5 மிமீ போதும்.

"வட்ட ஓட்டைலயும் நகம் மாட்டாதா?"ன்னு கேப்பாங்க. மெஷ்ஷுல மாட்டறது ஓட்டையால இல்ல, ஓட்டைக்கு பக்கத்துல இருக்கற மெல்லிய கம்பியால. 3 மிமீ கனமான ஷீட்டுல போட்ட ஓட்டைக்கு வழுவழு சுவர் இருக்கு, நகம் சுத்திப் புடிக்க ஒண்ணும் இல்ல, நுழைஞ்சாலும் வழுக்கி வெளிய வந்துடும். பிசிறு இருந்தா மட்டும் மாட்டும், அதுக்குதான் 7 இருக்கு.

எண்ணிக்கைல ஏமாந்துடாதீங்க. 3 மிமீ ஓட்டை ஒண்ணோட பரப்பு கிட்டத்தட்ட 7 சதுர மிமீ, நூறு போட்டாலும் மொத்தம் 7 சதுர செமீதான். 2 மிமீ ஓட்டைன்னா அதே காத்துக்கு ரெண்டேகால் மடங்கு எண்ணிக்கை போடணும். நாலு மூலைல நாலு ஓட்டை போட்டுட்டு "காத்து போகுது"ன்னு நினைக்கறவங்க டேங்க்லதான் கண்ணாடி பூரா வேர்த்து, மண்ணுல வெள்ளையா பூஞ்சை வரும்.

ஓட்டைக்கு ஓட்டை 10 மிமீ இடைவெளி விடுங்க, ஷீட் ஓரத்துலேந்து 15 மிமீ உள்ள தள்ளி ஆரம்பிங்க, ஓரத்துக்கு கிட்ட போட்டா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

எங்கங்கறதுதான் முக்கியம். மூடில மட்டும் ஓட்டை இருந்தா சூடான காத்து மேல போகும், அடில இருக்கற ஈரக்காத்து அசையாம கிடக்கும். பக்கவாட்டுல மண்ணுக்கு ஒரு ரெண்டு செமீ மேல ஒரு வரிசை ஓட்டையும், எதிர்ப்பக்கம் மேலாப்பல ஒண்ணும் இருந்தா காத்து குறுக்கா போகும். பிளாஸ்டிக் டப்பால இது சுலபம், கண்ணாடி டேங்க்ல முன்பக்க அடில கம்பெனியே ஒரு காத்துப் பட்டை வச்சிருப்பாங்க, மண்ணு அத மூடிடாம பாத்துக்கோங்க. அந்தப் பட்டைலயும் சில சமயம் மெஷ்தான் இருக்கும், அதையும் இதே கண்ணோட பாருங்க.

6. வெட்டறதும் ட்ரில் பண்றதும்

எடுத்து வைக்க வேண்டியது: ஸ்டீல் ஸ்கேல், அக்ரிலிக் வெட்டற கத்தி, மாஸ்கிங் டேப், அடில வைக்க ஒரு பழைய பலகை, ரெண்டு கிளாம்ப், புது ட்ரில் பிட், சின்ன அரம், 400 நம்பர் உப்புத்தாள், கண்ணுக்கு கண்ணாடி. எல்லாம் மேஜைல இருக்கணும், பாதில தேட எழுந்தா கிளாம்ப் போடாம ஒரு ஓட்டை போட்டு பாக்கத் தோணும்.

அளக்கும்போது ஃப்ரேம் உள்ளளவுலேந்து ஒவ்வொரு பக்கமும் 1 மிமீ கம்மி பண்ணுங்க. சூட்டுலயும் ஈரத்துலயும் அக்ரிலிக் விரியும், கச்சிதமா வெட்டினா இறுகி நடுவுல மேல வளையும். ஆனா அந்த 1 மிமீ சந்து ஃப்ரேம் உதட்டு மேல விழணும், வெறும் இடத்துல விழக் கூடாது.

3 மிமீ ஷீட்டுன்னா ஸ்கேல் வச்சு ஒரே கோட்டுல பல தடவ கீறி, மேஜை ஓரத்துல வச்சு சட்டுனு அழுத்தினா கோட்டோட உடையும். 5 மிமீக்கு இது சரிவராது, கடைல வெட்டி வாங்குங்க.

ஓட்டை போடற இடத்துல ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அது மேல கட்டம் போட்டு புள்ளி வைங்க. டேப் இருந்தா பிட் வழுக்காது, விளிம்பு சில்லு பேராது. ஷீட்ட பலகையோட சேத்து கிளாம்ப் பண்ணுங்க. ட்ரில் மெதுவான ஸ்பீடுல ஓடணும், கை எடைய விட கொஞ்சம் அதிக அழுத்தம், அவ்ளோதான். அடிப்பக்கம் வெளிய வரப்போற நொடிலதான் விரிசல் விடும், அங்க அழுத்தத்த விட்டுடுங்க. சில ஓட்டைக்கு ஒருக்கா பிட்ட ஆற விடுங்க.

சால்டரிங் ராடால சுட்டு ஓட்டை போடறவங்க நெறைய பேர் இருக்காங்க. உடையற ரக பாலிஸ்டைரீன் டப்பாவுக்கு அதான் வழி, ட்ரில் வச்சா சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடிடும். ஆனா புகை நல்லதில்ல, ஜன்னல் திறந்து வச்சு, சிலந்தி எந்த ரூம்ல இருக்கோ அதுக்கு வெளிய செய்யுங்க. சுட்ட ஓட்டைய சுத்தி உருகின வளையம் ஒண்ணு நிக்கும், அது மூடியோட மேல்பக்கம் வர்ற மாதிரி உள்பக்கத்துலேந்து குத்துங்க.

7. பிசிறு எடுக்கறது

இதத் தாண்டிப் போறவங்கதான் அதிகம், செய்யற வேலைல இதுதான் அலுப்பு. ஒவ்வொரு ஓட்டையோட உள்பக்க விளிம்பையும் பெரிய சைஸ் பிட்ட கையில புடிச்சு ரெண்டு திருப்பு திருப்பினா விளிம்பு சரிஞ்சுடும். அப்புறம் உப்புத்தாள் ஒரு தடவ.

சோதிக்க பஞ்ச எடுத்து உள்பக்கம் பூரா தேய்ங்க. பஞ்சு நூல் எங்க மாட்டுதோ அங்க நகமும் மாட்டும். மாட்டாம வழுக்கிக்கிட்டு போற வரைக்கும் விடாதீங்க, வெட்டின ஓரத்துலயும் இதே சோதனை.

அப்புறம் சோப்புத்தண்ணி, நல்ல தண்ணி, காய விடுங்க. கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே, ஸ்பிரிட் எல்லாம் அக்ரிலிக்ல படக் கூடாது, மெல்லிசா விரிசல் விடும், வாசனையும் சிலந்திக்கு ஆகாது.

8. ஷீட்ட ஃப்ரேம்ல மாட்டறது

நல்ல வழி, மெஷ்ஷ முழுசா கழட்டிட்டு அந்த இடத்துல ஷீட்ட வைக்கறது. மெஷ் ஒரு ரப்பர் கயிறால ஃப்ரேம்ல அமுக்கி வச்சிருக்கும், ஒரு முனைய ஸ்க்ரூடிரைவரால நெம்பினா உருவிக்கிட்டு வரும்.

கழட்ட மனசு வரலைன்னா ஷீட்ட மெஷ்ஷுக்கு அடில, அதாவது சிலந்தி இருக்கற பக்கம் மாட்டணும். இங்க ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்குது, ஷீட்ட மெஷ்ஷுக்கு மேல வச்சுட்டு முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. ஈரம் நிக்கும், ஆனா சிலந்தி நடக்கறது இன்னமும் மெஷ்லதான்.

சிலிகான் பசை அக்ரிலிக்ல சரியா ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்துட்டு சில மாசத்துல பட்டையா உரிஞ்சு வரும். எடைய பசைய நம்பி விடாதீங்க, சின்ன போல்ட் நாலு போட்டு இறுக்குங்க, வழுவழு தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். கேபிள் டை போட்டாலும் வால் வெளிப்பக்கம். சந்து அடைக்க மட்டும் சிலிகான் போடறதுன்னா பூஞ்சை மருந்து கலக்காத மீன்தொட்டி சிலிகான், அந்த வினிகர் வாசனை சுத்தமா போற வரைக்கும் சிலந்திய உள்ள விடக் கூடாது.

9. பூட்டு

மேல புத்தகம் வைக்கறது பூட்டு இல்ல. பெரிய டரான்டுலா ஒரு மூலைய தள்ளித் தூக்கும், அத விட வீட்டுல இருக்கற பூனையும் குழந்தையும்தான் முக்கியமான காரணம். ஸ்டோரேஜ் டப்பான்னா ரெண்டு பக்க கிளிப் போதும். ஃப்ரேம் மூடிக்கு எதிரெதிர் பக்கம் ரெண்டு பூட்டு வேணும், ஒரே பக்கம் போட்டா எதிர் மூலை தூக்கிக்கும். காந்தம் போட்ட அக்ரிலிக் டப்பால காந்தம் எவ்வளவு இழுக்குதுன்னு மூடிய விரலால தள்ளிப் பாருங்க, சுலபமா நகர்ந்தா ஒரு கொக்கி சேத்துக்கோங்க.

பூட்டு ரொம்ப டைட்டாவும் இருக்கக் கூடாது. படார்னு திறக்கற கிளிப், உள்ள இருக்கற சிலந்திய ஓட வைக்கும், அப்ப உங்க கை மூடில இருக்கும், அது எங்க ஓடும்னு சொல்ல முடியாது. மெழுகு கொஞ்சம் தடவினா கிளிப் சத்தமில்லாம திறக்கும்.

10. காலி டேங்க்ல சோதிங்க

ரூம் லைட்ட அணைச்சுட்டு டேங்க் உள்ள டார்ச் போட்டு மூடுங்க. ஓட்டை இல்லாத இடத்துலேந்து வெளிச்சம் வந்தா அது சந்து.

மண்ண நனைச்சு ஒரு ராத்திரி விட்டுட்டு காலைல பாருங்க. ஒரு மூலைல லேசா வேர்த்திருந்தா பரவால்ல, நாலு பக்கமும் மூடியும் வேர்த்திருந்தா ஓட்டை பத்தல. காத்து போற வழி தெரியணும்னா ஒரு ஊதுபத்திய அடி ஓட்டை கிட்ட காட்டுங்க, புகை உள்ள இழுத்து மேல வெளிய வந்தா சரி, உள்ளயே சுத்திக்கிட்டு நின்னா பக்கவாட்டு ஓட்டைய கூட்டணும். காலி டேங்க்ல மட்டும்தான் இது, செஞ்சதும் நல்லா காத்தாட திறந்து வைங்க.

இங்க குளிர்காலத்துல ஹீட்டர் ஓடினா ரூம் காத்து அப்படியே காஞ்சுடும், அப்ப மூடி ஓட்டைல பாதிய டேப் போட்டு வெளிப்பக்கம் மறைக்கலாம். உள்பக்கம் டேப் கூடவே கூடாது, கால்ல ஒட்டினா மெஷ்ஷ விட மோசம்.

11. குட்டிக்கும் மரத்து வகைக்கும் வேற மாதிரி

குட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாலதான் வளக்கணும், மூடிக்கு ஷீட் எல்லாம் வேணாம். ஊசிய சூடு பண்ணி உள்ளேந்து வெளிய குத்துங்க, பிசிறு வெளிய போயிடும். மூடி திருகு வகையா இருந்தா நல்லது, அமுக்கி மூடற வகைல ஒரு பக்கம் சரியா உக்காராம இருக்கும், பாத்தா தெரியாது, விரல சுத்தி ஓட்டி "டக்" சத்தம் வருதான்னு பாக்கணும்.

ஈரமான டப்பால சின்ன ஈ நுழைஞ்சு முட்டை வைக்கும், அத தடுக்க ஓட்டை மேல வெளிப்பக்கமா மாவு சலிக்கறத விட நெருக்கமான ஸ்டீல் வலைய ஒட்டலாம். வெளிப்பக்கம்ங்கறத அழுத்தி சொல்றேன்.

மரத்து வகைக்கு மேல் மூடியே தப்பு. அவிகுலேரியா மாதிரி வகை மேல் மூலைலதான் வலை பின்னி வீடு கட்டும், மூடியோட சேத்து. ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் அதோட வீட்ட கிழிக்கறீங்க, அது பயந்து நேரா உங்க கை மேல வரும். முன்பக்கம் திறக்கற டேங்க் வாங்குங்க, இல்லன்னா திருகு மூடி ஜாடிய கவுத்து வச்சு அடிப்பக்கம் மூடி வர்ற மாதிரி செட் பண்ணுங்க. மேல் பக்கம் நிரந்தரமா அக்ரிலிக் போட்டு போல்ட் பண்ணிடலாம், அதுல ஓட்டை கம்மியா, பக்கவாட்டுல அதிகமா. அவிகுலேரியா குட்டிக்கு தேங்கின ஈரக்காத்துதான் எமன்.

கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கற சந்துதான் இவங்களுக்கு முக்கியம், ஏன்னா இவங்க வேகம். பொய்சிலோதீரியா கடிச்சா நாள்கணக்குல தசைப்பிடிப்பு வரும், அந்த மாதிரி வகைக்கு ஒரு பூட்டு மேல இன்னொரு பூட்டு போடறதுல தப்பே இல்ல.

12. திறக்கற பழக்கம்

திறக்கறதுக்கு முன்னாடி சிலந்தி எங்க இருக்குன்னு கண்ணால பாத்தாகணும். தெரியலைன்னா மூடியோட அடிப்பக்கத்துல இருக்கலாம்னு எடுத்துக்கோங்க. ஒரு ஓரத்த மட்டும் ரெண்டு விரல் அளவு தூக்கி அடிப்பக்கத்த பாத்துட்டு மீதிய திறங்க. கைல ஒரு தெளிவான பிளாஸ்டிக் கப்பும் அட்டையும் இருக்கணும், வெளிய வந்தா கப்ப கவுத்து அட்டைய அடில நுழைச்சா முடிஞ்சது. இது பக்கத்து ரூம்ல இருந்தா பிரயோஜனம் இல்ல.

மல்லாந்து கிடந்தா சாகல, தோல் உரிக்குது. திறக்காதீங்க, தட்டாதீங்க, மூடிய சரி பண்ற வேலை எல்லாம் அது முடிஞ்சு பல்லு கறுத்ததுக்கு அப்புறம்.

13. ஏற்கனவே மெஷ்ல கால் மாட்டிக்கிட்டா

இழுக்காதீங்க. மூடியையும் முழுசா தூக்காதீங்க, தூக்கினா முழு எடையும் அந்த ஒரு கால்ல விழும். மொதல்ல பக்கவாட்டுலேந்தோ எதிர் ஓரத்துலேந்தோ மெதுவா உள்ள கைய விட்டு சிலந்திக்கு அடில ஏதாவது குடுங்க, மரப்பட்டை, சுருட்டின டிஷ்யூ, ஸ்பாஞ்ச், மத்த காலால புடிச்சு நிக்கற மாதிரி. எடை இறங்கினதுமே பாதி நேரம் அதுவே விடுவிச்சுக்கும்.

விடுபடலைன்னா வெளிப்பக்கத்துலேந்து நகம் தெரியற இடத்துல மென்மையான பிரஷ்ஷால கால் நுனிய மேல்பக்கமா தள்ளிப் பாருங்க. அதுவும் நடக்கலைன்னா சின்ன கட்டர் எடுத்து நகத்த சுத்தி இருக்கற கம்பிய வெட்டிடுங்க, மெஷ் போனா போகட்டும். துணுக்கு கால்ல ஒட்டியிருந்தாலும் அதுவே உதறிக்கும்.

கால் அடியோட கழண்டு போச்சுன்னா பயப்பட வேணாம், அந்த மூட்டு தானா மூடிக்கும், அடுத்தடுத்த தோல் உரிப்புல சின்னதா திரும்ப முளைக்கும். நடுவுல கிழிஞ்சு திரவம் நிக்காம வந்தா அந்த இடத்துல கொஞ்சம் சோளமாவு வைங்க. தண்ணிக் கிண்ணம் நெறஞ்சிருக்கணும், ஒரு வாரம் இரை போடாதீங்க, தொந்தரவும் பண்ணாதீங்க. அந்த மூடி அன்னிக்கே குப்பைக்கு.

14. அப்பப்ப பாக்க வேண்டியது

ஒவ்வொரு தோல் உரிப்புக்கு அப்புறமும் கால் அகலத்த அளந்து மண்ணு கோட்ட பாருங்க. மண்ணு இறங்கியிருந்தா கூட்டுங்க, குட்டி வளந்திருந்தா டப்பாவ மாத்துங்க.

மூடி வளைஞ்சிருக்கான்னு ஸ்கேல குறுக்கா வச்சு பாருங்க. வளைஞ்சிருந்தா கவுத்துப் போடுங்க, மேல்பக்கம் கீழ வந்தா சில வாரத்துல நேராகும், அதுக்கு முன்னாடி புதுசா உள்பக்கம் வரப்போற பக்கத்துலயும் பஞ்சு சோதனை செஞ்சுடுங்க. விளக்கு எதையும் அக்ரிலிக் மேல வைக்காதீங்க, சூட்டுல தொய்ஞ்சுடும், குளிருக்கு ரூம சூடாக்கறதே மேல்.

மூடிய சுத்தம் பண்ணும்போது கையுறை போட்டு ஈரத்துணியால துடைங்க. அமெரிக்கக் கண்ட வகைங்க உதறற அரிப்பு முடி மூடியோட அடிப்பக்கமும் ஒட்டியிருக்கும், ஊதினாலோ காஞ்ச துணியால தட்டினாலோ கண்ணுக்குள்ள போகும். துடைச்ச துணிய கழுவி வைக்காம அப்படியே பைல கட்டி போட்டுடுங்க.